கதவு மூடுகிற அளவுக்கு ஒரு சாய்வு

1

இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் அன்பு, மானுடம் என்று ஆரம்பிக்க வேண்டாம்.

போன மே மாதம், அமெரிக்காவில் ஓர் ஏரிக்கரையில் இருக்கிற எங்கள் கோடை முகாமில், ஹார்லனின் டிரெய்லருக்கு அடியில் நான் மல்லாந்து கிடந்தேன். டிரெய்லர் என்றால் பிக்கப் வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகிற தகர வீடு. கண்ணில் துரு உதிர்ந்தது. வாயில் எலி கூடு கட்டியிருந்த பஞ்சு விழுந்தது. மேலே ஹார்லன், "இப்ப ஆடுதா? இப்ப?" என்று தரையில் குதித்துக் குதித்துக் கேட்டுக்கொண்டிருந்தான். அவனுக்குக் காது மந்தம். நான் "ஐயோ" என்று அலறியது அவனுக்கு எட்டவே இல்லை. எழுபது வயது தாண்டிய மனுஷன் இப்படிக் குதிக்கலாமா?

இவனை வைத்து ஒரு கதை எழுதிப் பழி தீர்த்துக்கொள்வது என்று அங்கேயே முடிவு செய்தேன். அதுவும் உருப்படியாக நடக்கவில்லை. கதை நடுவில் தொங்குகிறது.

[இந்த இடத்தில் "ஆகா, தரையும் தொங்குகிறது, கதையும் தொங்குகிறது" என்று புன்னகைப்பவர்கள் தயவுசெய்து பக்கத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். தரை தொங்கியதற்குக் காரணம் தண்ணீரும் பாரமும். கதை தொங்குவதற்குக் காரணம் நான். இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.]

2

தொடக்கம், முதல் முயற்சி: "ஏரியின் மேல் காலை வெயில் பொன்னை உருக்கி—"

அடித்துவிட்டேன். மே மாதக் காலையில் இங்கே வெயிலை யார் பார்த்தார்கள்? கடிக்கிற கறுப்பு ஈ காதுக்குள் நுழையாமல் பார்த்துக்கொள்வதற்கே நேரம் சரியாக இருக்கிறது.

இரண்டாவது முயற்சி: "வாழ்க்கையும் ஒரு பயணம்தானே, அதில் நாம் எல்லோரும்—"

சீ.

மூன்றாவது: "ஆர்டிஸின் கால் தரைக்குள் போனது."

இது பரவாயில்லை, உண்மையும்கூட. ஆர்டிஸ் ஹார்லனின் மனைவி. காலையில் கட்டிலிலிருந்து இறங்கியவளின் இடது கால் பிளைவுட்டைக் குத்திக்கொண்டு முழங்கால் வரை உள்ளே போய்விட்டது. பிளைவுட் என்று பெயர்தான், காபியில் நனைத்த பிஸ்கட் மாதிரி ஆகியிருந்தது. அதற்குக் கீழே ஈரப் பஞ்சு. அதற்கும் கீழே கறுப்பு பிளாஸ்டிக் விரிப்பு, அதில் எத்தனையோ மழையின் தண்ணீர்.

"ஹார்லன்! நான் ஏரியில நிக்கிறேன்!"

வெளியே உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தவன் அசையவில்லை. "என்னாது?"

"ஏரியில நிக்கிறேங்கறேன்!"

"ஏரி இந்தப் பக்கமில்ல இருக்கு?"

"உள்ள வந்திருச்சுடா, எந்திரிச்சு வந்து பாரு!" *

* புருஷனை 'டா' போடுகிறாளே என்று முகம் சுளிக்கிறவர்களுக்கு: அவள் உண்மையில் சொன்னதைக் கேட்டிருந்தால், நான் எவ்வளவு மரியாதையாக எழுதியிருக்கிறேன் என்று தெரிந்திருக்கும்.

3

இனி கொஞ்சம் விளக்கம். எனக்கே பிடிக்கவில்லை, ஆனால் இது இல்லாமல் கதை நகராது.

முகாமின் சொந்தக்காரன் பெயர் டெல்மர். எங்கள் மாவட்டத்துச் சட்டப்படி நகராத டிரெய்லர் டிரெய்லர் இல்லை, வீடு. வீடென்றால் ஒவ்வொன்றுக்கும் தனிக் கழிவுத் தொட்டி புதைக்க வேண்டும். அந்தத் தலைவலி வேண்டாம் என்று டெல்மர் ஒரு வழக்கம் வைத்திருக்கிறான். மே மாதக் கடைசிச் சனிக்கிழமை இழுப்பு நாள். அன்று எல்லோரும் டிரெய்லர் நிறுத்துகிற தத்தம் மனையைக் காலி செய்து, டிரெய்லரை இழுத்துக்கொண்டு, பாலத்து மேட்டைத் தாண்டி முகாம் வாசல் வரை போய்த் திரும்ப வேண்டும். கதவு சாத்தியே இருக்க வேண்டும். வழியில் ஏதாவது உடைந்தாலோ, கதவு திறந்துகொண்டாலோ மனை போச்சு. அந்த மனைக்காகக் காத்திருக்கும் அடுத்த ஆளுக்குப் போய்விடும். மற்றவர்கள் மடக்கு நாற்காலி போட்டு, சுட்ட சாசேஜ் தின்றபடி வேடிக்கை பார்ப்போம்.

இன்னொரு விதி. உன் மனைக்காக யார் காத்திருக்கிறாரோ, அவர்தான் உன் சக்கரத்து முட்டுக்கட்டையைக் கயிற்றைப் பிடித்து உருவ வேண்டும். உருவுவதற்கு முன்னால் சுற்றிப் பார்த்துவிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி "சரி" என்று சொல்ல வேண்டும். காத்திருக்கிறவர் வாயாலேயே சரி சொல்ல வைத்துவிட்டால், பின்னால் எந்தப் பக்கமும் புலம்ப முடியாது. டெல்மருக்கு மூளை இருக்கிறது, அதை மட்டும் ஒத்துக்கொள்வேன்.

ஹார்லன் மனை ஏரிக்கரையில் இருக்கிறது. மேடு பள்ளம் கிடையாது. ஆர்டிஸுக்கு முட்டி தேய்ந்துவிட்டது. இந்த மனையில் மட்டும் நாற்காலியிலிருந்து எழுந்து நாலு எட்டு வைத்தால் தண்ணீர் காலில் படும். வேறெந்தக் கரையிலும் அவளால் இனி இறங்க முடியாது. மனை போனால் அவளுக்கு ஏரி போனது. கதை என்றால் அதில் எதையாவது இழக்கிற பயம் இருக்க வேண்டுமாமே, இந்தக் கதையில் அது இதுதான்.

என் மனை கழிவுக்குழிக்குப் பக்கத்தில். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஊருக்குத் திரும்புகிற வண்டிகளெல்லாம் வரிசையாக வந்து கக்கூஸ் தொட்டியைக் காலி செய்கிற குழி. நான் சரியாக அந்த நேரத்தில்தான் சாப்பிட உட்காருவேன்.

ஹார்லன் மனைக்குக் காத்திருக்கிற அடுத்த ஆளும் நான்தான்.

ஆக, எனக்கு வரவேண்டிய மனை எனக்கு வந்துவிடாமல் இருக்க, நானே அடியில் படுத்துத் துரு தின்றிருக்கிறேன். ஏன் என்று கேட்காதீர்கள். ஆர்டிஸ் கூப்பிட்டாள், போனேன். அவள் கூப்பிட்டால் போகாமல் இருப்பது எப்படி என்று இந்த முகாமில் ஒருவருக்கும் தெரியாது.

4

ஹார்லன் என்ற பாத்திரம் நம்பும்படியாக இல்லை. நேற்று மறுபடி படித்துப் பார்த்தேன். இவ்வளவு பிடிவாதக்காரன் கதையில் வந்தால் வாசகர் சிரிப்பார், நம்பமாட்டார். என்ன செய்ய, ஆளே அப்படித்தான் இருக்கிறான்.

அவனுடைய டிரெய்லரின் பழைய கதவு எப்போதோ காற்றில் பிய்த்துக்கொண்டு போய்விட்டது. அவனே மரத்தில் ஒன்று செய்து, பச்சை வர்ணம் அடித்து மாட்டினான். அந்தக் கதவு மேல் அவனுக்கு அப்படி ஒரு பெருமை. வருகிறவனையெல்லாம் திறந்து மூடிப் பார்க்கச் சொல்வான். டிரெய்லரின் பின்பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழத் தாழ, கதவு நிலையில் இடிக்க ஆரம்பித்தது. வேறு யாராவது என்றால் கீழே குனிந்து என்ன தாழ்கிறது என்று பார்ப்பார்கள். இவன் இழைப்புளியை எடுத்து, இடிக்கிற இடத்தைச் சீவிவிட்டான். அடுத்த வருஷம் மறுபடி இடித்தது, மறுபடி சீவினான். அதற்கு அடுத்த வருஷமும் அதே கதை. ஆட்டம் காணாமல் நிற்பதற்கென்று மூலைகளில் இருக்கிற மெல்லிய கால்களை டிரெய்லரைத் தூக்குவதற்காகத் திருகித் திருகி அவற்றையும் வளைத்துவைத்தான்.

"வீடு கோணுதா, கதவு கோணுதான்னு எப்பவாச்சும் யோசிச்சியா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"கதவு மூடுதில்ல? அப்புறம் என்ன?" என்றான்.

[சென்னையில் ஒரு பத்திரிகை ஆசிரியருக்கு இதுவரை எழுதியதை அனுப்பினேன். "அமெரிக்கக் கதையில பனியே இல்லையே, கொஞ்சம் பனி போடுங்களேன்" என்றார். மே மாதம் ஐயா. சரி, போட்டாயிற்று: போன குளிர்காலத்தில் கூரைமேல் நின்ற பனி உருகி, ஓரத்து இணைப்பு வழியாக இறங்கித் தரையை ஊறவைத்தது. போதுமா?]

5

தரையைப் பெயர்த்தோம். அதைப் பற்றி நீளமாக எழுதியிருந்தேன், வெட்டிவிட்டேன். உளுத்துப்போன பிளைவுட்டை மண்வெட்டியால் வாரினோம், செத்த குறுக்குச் சட்டங்களுக்குப் பக்கத்தில் புதுச் சட்டம் சேர்த்தோம், புது பிளைவுட் அடித்தோம் என்று மூன்று வரியில் முடிகிற வேலை. செய்கையில் முடியவில்லை. முதுகு இன்னும் அதை எழுதிக்கொண்டிருக்கிறது.

ஆனால் தரைக்குக் கீழே இருந்ததுதான் விவகாரம். டிரெய்லரின் நீளத்துக்கு இரண்டு இரும்புச் சட்டம் ஓடும், மொத்த வீடும் அதன் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. சக்கரத்துக்குக் கொஞ்சம் பின்னால் அதில் ஒன்று விரிந்து, விரல் நுனி போகிற அளவுக்கு வெடித்திருந்தது. "இவ்வளவு பாரம் எதுடா?" என்று கட்டிலுக்கு அடியில் எட்டிப் பார்த்தோம்.

ஐஸ்கிரீம் வாளிகள். ஐஸ்கிரீம் தீர்ந்த பிறகும் இங்கே எந்த வீட்டிலும் தூக்கிப்போடாத பிளாஸ்டிக் வாளிகள். சுவர் முதல் சுவர் வரை, ஒன்றன்மேல் ஒன்றாக. எல்லாவற்றிலும் கல். சுப்பீரியர் என்கிற பெரிய ஏரியின் கரையில் பொறுக்கிய, சிவப்பு வரி ஓடுகிற கற்கள்.

ஹார்லன் ஒரு வாளியைத் தூக்கப் பார்த்தான். தூக்க முடியவில்லை. "நாலு வாளின்னு சொன்ன?"

"நாலுன்னு சொன்னப்ப நாலுதான் இருந்துச்சு," என்றாள் ஆர்டிஸ்.

"பூராக் கல்லையும் பின்னாடி ஏத்தி வெச்சிட்டு, தரை ஏன் எறங்குதுன்னு என்னயக் கேட்டியேடி!"

"நீ மட்டும்? கதவச் சீவத் தெரிஞ்சவனுக்கு ஒரு தடவ குனிஞ்சு பாக்கத் தெரியல?"

"எதுக்குடி இம்புட்டுக் கல்லு?"

ஆர்டிஸ் குனிந்து ஒரு கல்லை எடுத்தாள். நக்கினாள். (இங்கே கல் பொறுக்குகிறவர்கள் எல்லோரும் செய்வதுதான். ஈரம் பட்டால்தான் வரி தெரியும்.) வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள், ஆனால் அவனுக்குக் கேட்கிற அளவுக்கு:

"எங்க போனாலும் நீ பாதி நாளு உம்முன்னு உக்காந்திருப்ப. நீ பேசாத நாளெல்லாம் நான் கரையில கல்லு பொறுக்கினேன். எம்புட்டுக் கனம்னு இப்ப நீயே தூக்கிப் பாத்துக்க."

இந்த வசனத்தை நான் எழுதவில்லை. சத்தியமாக. இவ்வளவு கச்சிதமாக எழுதினால் யாரும் நம்பமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். அதற்காக அவளிடம் போய், "ஆர்டிஸ், ரொம்ப நன்றாக இருக்கிறது, கொஞ்சம் குறைத்துச் சொல்" என்றா கேட்க முடியும்? ஹார்லன் வாளியின் மேலேயே உட்கார்ந்துவிட்டான். வெகுநேரம் பேசவில்லை. ஆர்டிஸ் அவனைப் பார்த்து, "இதோ, இன்னும் ஒரு வாளிக்கு ஆச்சு," என்றாள்.

பிறகு எனக்கு வலுவான ஜாக்கி இரண்டு இருக்கிறது என்ற பாவத்துக்காக, நான் போய் அதைக் கொண்டுவந்தேன். பின்பக்கத்தைத் தூக்கினோம். சட்டம் நேரானது, வெடிப்பு மூடிக்கொண்டது, வீடு எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு நேராக நின்றது.

கதவு மூடவில்லை.

மூடுமா? வருஷக்கணக்காகக் கோணலுக்கு ஏற்றபடி சீவின கதவு. மேலே என் கை முழுசாகப் போகிற சந்து, தாழ்ப்பாளுக்கும் ஓட்டைக்கும் மூன்று விரல் தூரம். ஹார்லன் கதவைப் பார்த்தான், ஜாக்கியைப் பார்த்தான்.

"கொஞ்சம் எறக்கு," என்றான்.

"என்னது?"

"கதவு மூடுற வரைக்கும் எறக்குங்கறேன்."

நான் தலையில் அடித்துக்கொண்டேன். ஆர்டிஸ்தான் கத்தினாள்: "இத்தன வருஷம் கோணல் வீட்டுக்காகக் கதவச் சீவுன. இப்ப கதவுக்காக வீட்டக் கோணலாக்கப் போறியா? ஏன்டா, உனக்கு வீடு வேணுமா கதவு வேணுமா?"

கடைசியில் ஓர் ஒப்பந்தம் ஆனது. அவள் கற்களையெல்லாம் ஏரியில் போட்டுவிட வேண்டும். அவன் வெல்டரைக் கூப்பிட்டுச் சட்டத்தை நேராக வைத்துப் பற்றவைத்து, புதுக் கதவு செய்ய வேண்டும். இரண்டு பேரும் கை குலுக்கிக்கொண்டார்கள். நடுவில் நான் சாட்சி.

கதையை இங்கேயே முடித்திருக்கலாம். முடித்திருக்க வேண்டும்.

6

இழுப்பு நாளுக்கு முந்தின நாள் மத்தியானம் ஹார்லன் என்னைக் கூப்பிட்டான். அடியில் குனிந்து பார்க்கச் சொன்னான். வெடித்த இடத்தில் பற்றவைப்பு எதுவும் இல்லை. இரண்டு பக்கமும் மரச் சட்டம் வைத்து, போல்ட் போட்டு முடுக்கி, கறுப்பு வர்ணம் அடித்திருந்தான். வீடு பழையபடி பின்பக்கம் தாழ்ந்து நின்றது. பச்சைக் கதவு அழகாக மூடியிருந்தது.

"வெல்டர் வந்தானே?"

"வந்தான். 'நேராத் தூக்கி வெச்சாத்தான் கை வெப்பேன்'னான். நேராத் தூக்குனா என் கதவு மூடாது. போடான்னுட்டேன்."

"புதுக் கதவு செய்யறேன்னு சொன்ன?"

"இந்தக் கதவுக்கு என்ன கொறச்சல்?" என்றான். பிறகு என் தோளைப் பிடித்துக்கொண்டு, "ஆர்டிஸ்கிட்ட சொல்லிராத. வெல்டர் வண்டி வந்துட்டுப் போனத அவ பாத்திருக்கா, அது போதும். கல்லுதான் போயிருச்சே, பின்னாடி காலி. மரமே தாங்கும்." காது மந்தமானவன் ரகசியம் சொன்னால் அக்கரைக்குக் கேட்கும். நல்லவேளை, ஆர்டிஸ் ரொட்டி வாங்க ஊருக்குள் போயிருந்தாள். டெல்மரும் பக்கத்தில் இல்லை. உடைந்த சட்டம் என்று தெரிந்தால் இழுக்கவே விடமாட்டான்.

யோசித்தேன். பின்பக்கம் காலி என்றால் மரம் தாங்கத்தான் செய்யும். சரி, எக்கேடு கெட்டுப் போ என்று வந்துவிட்டேன்.

7

மறுநாள் காலை ஆர்டிஸ்.

ஹார்லன் பிக்கப்பை எடுத்துவரப் போயிருந்தான். கூப்பிட்ட குரலுக்கு வந்த பையன்கள் வாசல் வரை தூக்கித் தந்துவிட்டுப் போன கடைசி வாளியை அவள் இழுத்து இழுத்துப் பின்பக்க அறைக்குள் ஏற்றிக்கொண்டிருந்தாள். மற்ற வாளிகள் ஏற்கெனவே கட்டிலுக்கு அடியில் இருந்தன.

"ஏரியில போட்டுட்டேன்னு சொன்ன?"

"சொன்னேன்."

"ஆர்டிஸ்!"

"கத்தாத கண்ணு. கரையில கெடக்குற படகுக்குப் பின்னாடி ஒளிச்சு வெச்சிருந்தேன். இன்னிக்கு மனையில ஒரு துரும்புகூட இருக்கக் கூடாதுங்கறான் டெல்மர், வேற எங்க வைக்கட்டும்? இரும்பத்தான் பத்தவெச்சாச்சே, தாங்கும். அவன்கிட்ட சொல்லிராத."

மரம் மட்டும் என்றால் தாங்கும், கல் இல்லாத வரை. கல் மட்டும் என்றால் தாங்கும், இரும்பு பற்றவைத்திருந்தால். இரண்டும் சேர்ந்திருக்கிறது என்று உலகத்திலேயே எனக்கு மட்டும்தான் தெரியும்.

அப்போதே அவளிடம் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சொல்ல வாயெடுத்தேன். முதலில், "வாளிய எல்லாம் எறக்கு, என் மனையில வெச்சுக்கலாம்" என்றேன்.

ஆர்டிஸ் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அந்த நாத்தத்துலயா? என் கல்லையா?"

வாயை மூடிக்கொண்டேன்.

[பெருந்தன்மையான கதைசொல்லி ஒருவன் இந்த இடத்தில் மறுபடி வாயைத் திறந்திருப்பான். அப்படிப்பட்டவன் கிடைத்தால் கதையை அவனிடம் கொடுத்துவிடுகிறேன்.]

அதற்குள் ஹார்லன் பிக்கப்பை ரிவர்ஸில் கொண்டுவந்து மாட்டிவிட்டான். டெல்மர் விசில் ஊதிவிட்டான்.

8

முடிவுகள். மூன்று எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவு: பாலத்து மேட்டில் ஒரு சத்தம். பின்பக்கம் ரோட்டில் உட்கார்கிறது. சுவர் பிளந்து கல்லெல்லாம் தார்மேல் கொட்டுகிறது. மனை எனக்கு. நான் ஏரிக்கரையில் உட்கார்ந்து, தொண்டையில் இறங்காத காபியைக் குடிக்கிறேன். [எனக்குக் காபி பிடிக்கும். இறங்காத காபி பிடிக்காது. தவிர, ஆர்டிஸ் அப்போது எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருப்பாள் என்று எழுத வேண்டும். எழுதவில்லை.]

இரண்டாவது: நான் உண்மையைச் சொல்கிறேன். யாரிடம்? ஹார்லனிடம் மெதுவாகச் சொன்னால் கேட்காது. கேட்கிற மாதிரி சொன்னால் டெல்மருக்குக் கேட்கும், சாசேஜ் தின்கிற அத்தனை பேருக்கும் கேட்கும். உடைந்த சட்டம் என்று டெல்மர் அந்த இடத்திலேயே நிறுத்திவிடுவான். மனை போச்சு. கை குலுக்கிவிட்டு ஆளுக்கொரு பொய் சொன்னார்கள் என்று இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் தெரியும். இதிலும் மனை எனக்குத்தான் வருகிறது, கவனித்தீர்களா? உண்மை பேசியும் நான்தான் கெட்டவன்.

மூன்றாவது: ஒன்றும் ஆகவில்லை. மரம் தாங்குகிறது. கதவு மூடியே இருக்கிறது. எல்லோரும் கை தட்டுகிறார்கள். அடுத்த வருஷம் ஹார்லன் மறுபடி இழைப்புளியை எடுக்கிறான், ஆர்டிஸ் இன்னும் ஒரு வாளி சேர்க்கிறாள். [இதுதான் நடக்கும் என்று சில நேரம் தோன்றுகிறது. நினைத்தாலே எரிச்சலாக வருகிறது. இப்படியே ஆகட்டும் என்று கடவுளையும் வேண்டிக்கொள்கிறேன்.]

நடந்தது எது என்று கேட்பீர்கள். நீ இதை எங்கே உட்கார்ந்து எழுதுகிறாய், ஜன்னலுக்கு வெளியே ஏரி தெரிகிறதா, குழி தெரிகிறதா என்று கேட்பீர்கள். ஜன்னலைச் சாத்தித் திரையையும் இழுத்துவிட்டிருக்கிறேன்.

9

ஆகவே இங்கே நிறுத்துகிறேன்.

ஹார்லன் பிக்கப்பில் உட்கார்ந்திருக்கிறான். என்ஜின் ஓடிக்கொண்டிருக்கிறது. பச்சைக் கதவு மூடியிருக்கிறது. ஆர்டிஸ் காலி மனையில், தண்ணீருக்குப் பக்கத்தில், நாற்காலியில் இருக்கிறாள். செருப்பைக் கழற்றிவிட்டாள். கையில் ஒரே ஒரு கல், வாளியில் சேர்க்காமல் வைத்துக்கொண்டது. அதை நக்கிவிட்டு வெயிலில் பிடித்துப் பார்க்கிறாள்.

நான் சக்கரத்துக்குப் பக்கத்தில் மண்டியிட்டிருக்கிறேன். முட்டுக்கட்டையின் கயிறு என் கையில். எல்லோரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

"என்ன எழுத்தாளரே, சரியா?" என்று ஹார்லன் ஜன்னல் வழியாகக் கேட்கிறான்.

போதும். இவர்களோடு மாரடித்தது போதும். இவ்வளவு தூரம் வந்துவிட்டீர்கள், எனக்குத் தெரிந்ததெல்லாம் உங்களுக்கும் தெரியும். மனையில் உங்களுக்கு ஒரு பங்கும் இல்லை, அதனால் உங்கள் வார்த்தையை நம்பலாம். இந்தாருங்கள், கயிற்றைப் பிடியுங்கள்.

அவன் இரண்டாவது தடவை கேட்கிறான். என்ன சொல்வதாக இருந்தாலும் சத்தமாகச் சொல்லுங்கள். அவனுக்குக் காது கேட்காது.